112ஆம் பக்கத்தோடு நின்ற பேய்

“அவள் திரும்பினாள். அவளது கழுத்தில்”

அவ்வளவுதான். 112ஆம் பக்கம் அந்தச் சொல்லோடு முடிந்தது. அதற்குப் பிறகு பின்னட்டைகூட இல்லை. அறுந்த நூலும் காய்ந்த பசையும்தான் முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றன.

1997 மாரி. அதற்கு முந்தின வருடம் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து, ஸ்கந்தபுரத்தில் சொந்தக்காரர் ஒருவரின் வளவுக்குள் கிடுகுக் கொட்டில் போட்டிருந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. சீனி வாங்கப் போன பெரியம்மா, கடைக்காரர் சரை சுற்றுவதற்காக ஒரு பழைய புத்தகத்தைக் கிழித்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டா. “மிச்சத்தைத் தாங்கோ தம்பி, பிள்ளையள் வாசிக்குங்கள்” என்று கேட்டு வாங்கிவந்தா. முன்னட்டை எப்போதோ போய்விட்டது. கடைசிப் பக்கங்களில் அன்று காலை யார் யாரோ சீனியும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு பேயின் முடிவு ஸ்கந்தபுரத்துக் குசினிகளில் துண்டு துண்டாக அடுப்பெரிக்கப் போயிருக்கும்.

இடப்பக்கத் தலைப்பில் எழுத்தாளர் பெயர், வலப்பக்கத் தலைப்பில் நாவலின் பெயர் என்று ஒவ்வொரு தாளிலும் அச்சாகியிருந்ததால் இரண்டும் தெரிந்தன. நான் இங்கே இரண்டையும் எழுதப்போவதில்லை. அவர் பெண் பெயரில் எழுதிய ஓர் ஆண். அவருடைய பிள்ளைகளைப் பின்னாளில் கண்டுபிடித்தபோது அவர்கள் கேட்ட ஒரேயொரு விடயம் பெயரை எழுதவேண்டாம் என்பதுதான். “அப்பா கணக்கு வாத்தியார். பேய்க்கதை எழுதினவர் எண்டு எங்களுக்கே வளர்ந்தாப் பிறகுதான் தெரியும்” என்றார் மகள். அவர் எழுதினது ஒன்பது நாவல்கள் என்பது என் கணக்கு. ஆறு கிடைத்து வாசித்துவிட்டேன்.

அவரை எந்த இலக்கிய வரலாற்றிலும் தேடவேண்டாம். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது இங்கே மலிவு விலை நாவல்களுக்கு ஒரு காலம் வந்தது. வீரகேசரி பிரசுரங்கள் அப்போதுதான் வீடு வீடாகப் போயின. வன்னி மண்ணை எழுதிய அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வந்தது அந்த வரிசையில்தான். நல்ல புத்தகங்கள் போன அதே பாதையில் சின்ன அச்சகங்களின் பேய்க்கதைகளும் காதல் கதைகளும் பின்னால் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போயின. எங்கள் ஆள் அந்தப் பின்சீற்றில் இருந்தவர்.

கதை இதுதான். காட்டோரக் குளக்கட்டுக்குக் கீழே ஒரு கிராமம். அங்கே பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வருகிற இளம் வாத்தியார் ஒரு பெரிய வீட்டின் விறாந்தை அறையில் வாடகைக்கு இருக்கிறார். வீட்டுக்காரரின் பெறாமகளோடு மெல்ல ஒரு விருப்பம். நடுச்சாமத்தில் பின்வளவுக் கிணற்றில் துலா கிறீச்சிடுகிறது. வீட்டுக்காரரின் தங்கை அதே கிணற்றில் விழுந்து செத்தவள், அவளுடைய ஆவிதான் தண்ணி அள்ளுகிறது என்று ஊர் சொல்கிறது. சடலம் எடுத்தார்களா என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு கதை.

நாங்கள் அதை ஜாம் போத்தல் விளக்கில் வாசித்தோம். அந்தக் காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் என்பது மருந்து மாதிரி. போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சில் ஊறுகிற அளவுக்குக் கொஞ்ச எண்ணெய், ஒரு சின்னத் திரி. காற்றுக்கு அணையாமல் போத்தலே காத்துக்கொள்ளும். வெளிச்சம் விழுகிற வட்டத்துக்குள் நாலு வரி, கூடினால் ஐந்து வரி தெரியும். அடுத்த வரிக்குப் புத்தகத்தைத் தள்ளவேண்டும். திகில் கதை வாசிக்க இதைவிட ஒரு ஏற்பாட்டை யாரும் கண்டுபிடிக்கமுடியாது. அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று கண் களவாக ஓடிப்போய்ப் பார்க்கவே இடமில்லை. இன்றைக்கும் அவருடைய நாவலை வாசிக்கும்போது ஒரு வெள்ளைத் தாளால் கீழ்ப்பாதியை மூடிக்கொள்கிறேன். பகிடியாகத்தான் தொடங்கினேன். ஆனால் உங்களுக்கும் சொல்கிறேன், செய்து பாருங்கள். மர்மக்கதை வாசிப்பவர்களின் கண்தான் கதையின் முதல் எதிரி.

112ஆம் பக்கத்துக்கு வந்த இரவில் கொட்டிலுக்குள் பெரிய சண்டை. வாத்தியார் ரோச் லைற்றோடு கிணற்றடிக்குப் போகிறார். வெள்ளைச் சேலை. அவள் திரும்புகிறாள். கழுத்தில் என்ன?

அம்மா கயிற்றுத் தழும்பு என்றா. தம்பிக்கு வெட்டுக்காயம் வேண்டும், ரத்தத்தோடு. நான் சங்கிலி என்றேன். ஆறாம் அத்தியாயத்தில் ஒரு சங்கிலி காணாமல் போயிருந்தது. பெரியம்மா வெற்றிலையை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு, “தாலி” என்றா. “அவள் சாகேல்லை. புருசன் கொழும்புக்குப் போனவன் வாறானோ எண்டு பாத்துக்கொண்டு ஒளிச்சிருக்கிறாள். உயிரோட இருக்கிறவளின்ர கழுத்தில வேற என்ன இருக்கும்?”

பெரியம்மா சொன்னதில் முதல் பாதி சரி என்பதற்கு ஆதாரம் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. நான் அதைக் கண்டுபிடித்தது மூன்றாம் தரம் வாசித்தபோது. 58ஆம் பக்கத்தில் வாத்தியார் விடிய எழும்பி முகம் கழுவப் போகிறார். ‘துலாக்கயிறு நனைந்து குளிர்ந்திருந்தது’ என்று ஒரு வரி. அவ்வளவுதான், எழுத்தாளர் அதைத் தட்டிச் சொல்லாமல் அடுத்த வரியில் வேம்பைப் பற்றிப் பேசப் போய்விடுகிறார். பேய் அள்ளினால் கயிறு நனையாது. கயிறு நனைந்தால் யாரோ குளித்திருக்கிறார்கள், அல்லது குடித்திருக்கிறார்கள். அதைக் கண்ட அன்று பள்ளிக்கூடக் கொப்பியின் பின்பக்கத்தில் மூன்று கோடு கீறி ஒரு பட்டியல் போட்டேன்: யார் முதலில் கண்டது, எந்த வெளிச்சத்தில், பயந்ததால் யாருக்கு இலாபம். இருபத்தைந்து வருடமாக அந்த மூன்று கோட்டை மாற்றவில்லை. இந்த வகைக் கதைகளில் ‘பேய் எது’ என்று யோசிப்பவர் கடைசிவரை ஏமாறுவார். ‘இந்தப் பேயைப் பற்றி முதலில் ஊருக்குச் சொன்னது யார்’ என்று பார்ப்பவருக்குப் பாதிக் கதையிலேயே ஆள் பிடிபடும். எங்கள் நாவலில் முதலில் சொன்னது வீட்டுக்காரர். அவருக்குத்தான் யாரும் பின்வளவுக்கு வரக்கூடாது.

காதல் பகுதியை நானும் தம்பியும் முதலில் பாய்ந்து பாய்ந்து கடந்தோம். பெட்டைக்குப் பூ, வாத்தியாருக்குக் கடிதம் என்று பக்கம் பக்கமாக. அது பிழை. இந்த எழுத்தாளருக்குக் காதல் மேற்பூச்சில்லை, அதுதான் யந்திரம். வாடகைக்கு வந்த ஒருவன் நடுச்சாமம் கிணற்றடிக்குப் போவதற்கு என்ன தேவை? பயமில்லாதவன் என்றால் கதையே இல்லை. பயந்தவன் போகவேண்டும். அந்தப் பெட்டை, “மாமியைப் பற்றி ஊர் சொல்லுறது பொய் எண்டு காட்டினால்தான் நான் இந்த வீட்டிலயிருந்து நிமிர்ந்து வெளிக்கிடுவன்” என்று சொன்னதால்தான் அவன் போகிறான். அவருடைய ஆறு நாவல்களிலும் இப்படித்தான். காதல் கடிதங்களை உருப்படியாக வாசித்தால் துப்பு அங்கேதான் கிடக்கும். ஒரு நாவலில் கடிதத்தின் திகதியே துப்பு.

குறையையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் அவருக்கு விளம்பரம் செய்வதுபோல் ஆகிவிடும். வில்லன்கள் பிடிபட்டதும் வாயைத் திறந்தால் மூடமாட்டார்கள். ஒரு நாவலில் ஒப்புதல் வாக்குமூலம் ஒன்பது பக்கம். தற்செயலாகச் சந்திப்பவர்கள் தொகை அதிகம். மனிதர் வன்னிக் காட்டைத் தூரத்திலிருந்து பார்த்து எழுதினவர் என்பதும் தெரிந்துவிடும். மார்கழி மழைக்குள் ஒரு பெட்டையைப் பாலைப்பழம் பொறுக்கவிட்டிருக்கிறார். பெரியம்மா அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, “உவர் பாலைமரம் கண்டதே இல்லை” என்றா. பாலை பழுப்பது வைகாசி, ஆனிக்கு. முனி, கொத்தி, காட்டேறி எல்லாவற்றையும் ஒரே சாம்பாராக்கியும் விடுவார். கொத்தி பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றுவது. அதைக் கொண்டுவந்து சந்திப் புளியில் ஏற்றிவிட்டால் ஊரில் யார் நம்புவார்கள்?

இன்னொரு சங்கடம் அவருடைய முடிவுகளில். எல்லாப் பேயையும் கடைசியில் ஆளாக்கிவிடுவார். கணக்கு வாத்தியார்தானே, விடை வரவேண்டும். ஆனால் வாசிக்கிற சனம் யார்? வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு நடந்து போகிறவர்கள். சிலாவத்தைக் கடலில் எடுத்துவந்த உப்புத் தண்ணீரில் அம்மனுக்கு விளக்கெரிவதை வருடாவருடம் கும்பிடுகிறவர்கள். அவர்களிடம் போய் ‘பேய் என்று ஒன்றில்லை’ என்று 128ஆம் பக்கத்தில் சொன்னால் மரியாதைக்குக் கேட்டுவிட்டு எழும்பிப் போவார்கள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் தானாக வந்தது. அவர் தரும் விளக்கத்தை ஏற்றுக்கொள்வோம், ஆனால் ஒரு சம்பவத்தை மட்டும் விளக்கத்துக்கு வெளியே விட்டுவிடுவோம். ‘மற்றதெல்லாம் சரி, ஆனால் அண்டைக்குப் படலை தானாத் திறந்ததுக்கு அவர் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?’ உண்மையில் அவர் மறந்துபோயிருப்பார். நாங்கள் அதைப் பேய்க்கு விட்ட பங்கு என்று வைத்துக்கொண்டோம்.

2002இல் ஏ9 பாதை திறந்தபிறகு யாழ்ப்பாணத்தில் பழைய புத்தகம் விற்கிற இடங்களில் தேடி அவருடைய இரண்டு நாவல்களைப் பிடித்தேன். ஒன்று வவுனியாவில் ஒரு தெரிந்தவர் வீட்டில். அந்தக் கிழிந்த புத்தகத்தோடு சேர்த்து நான்கும் ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் இருந்தன. 2009 தொடக்கத்தில் விசுவமடுவைவிட்டு வெளிக்கிட்ட இரவில் அந்தப் பெட்டியை எடுக்கவில்லை. அரிசியும் பிறப்புச் சான்றிதழ்களும்தான் எடுத்தோம். அதைப்பற்றி எழுத இது இடமில்லை.

செட்டிகுளம் முகாமில் ஒரு மத்தியானம் பெரியம்மா கேட்டா, “அந்தத் துலாக் கதை ஞாபகமே?” தறப்பாளுக்குள் வெக்கை, தண்ணிக்கு வரிசை. நான் மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினேன். பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்களும் வந்து குந்திவிட்டார்கள். கயிறு நனைந்திருந்த இடத்தில் ஒருவர், “அப்ப அது ஆள்” என்று உடனே பிடித்துவிட்டார். கழுத்து வரை வந்து நிறுத்தினேன். பெரியம்மா வழக்கம்போலத் தாலி என்று முடித்துவைத்தா. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

திரும்பி வந்து வீடு கட்டி, வேலை கிடைத்து, கை கொஞ்சம் ஓய்ந்தபிறகு அந்த நான்கையும் மற்றவற்றையும் மறுபடி தேடத் தொடங்கினேன். பெரிய எழுத்தாளர் என்றால் கடைக்குப் போனால் போதும். அறியப்படாதவரை வாசிக்க ஆசைப்பட்டால் பாதி வேலை உங்கள் தலையில். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எழுத்தாளர் பெயரை வைத்துத் தேடுவது கடைசி வழி. புனைபெயர்கள் ஏமாற்றும், எழுத்துக்கூட்டல் மாறும். அச்சகத்தின் பெயரைப் பிடியுங்கள். அதே அச்சகம் வெளியிட்ட சமையல் புத்தகம், சோதிடப் புத்தகம் எதுவாயிருந்தாலும் பின்னட்டையின் உள்பக்கத்தில் ‘எமது பிற வெளியீடுகள்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அவர் ஒன்பது எழுதினார் என்பதே எனக்கு ஒரு பல்லிசொற் பலன் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்துதான் தெரியவந்தது. 2005இல் தொடங்கின நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் ஏற்றப்பட்டிருக்கின்றன. அதில் புத்தகத்தைத் தேடுவதோடு நிற்காமல், அந்தக் காலத்துச் சஞ்சிகைகளின் விளம்பரப் பக்கங்களையும் புரட்டுங்கள். ‘விரைவில் வெளிவருகிறது’ என்று போட்ட விளம்பரத்தில் ஆண்டு பிடிபடும். ஆண்டு பிடிபட்டால் எதை முதலில் எழுதினார், எதைப் பிறகு எழுதினார் என்று வரிசைப்படுத்தலாம். இவர் விடயத்தில் அது முக்கியம். முதல் மூன்றிலும் பேய் பெண், கடைசி மூன்றிலும் பேய் ஆண். நடுவில் எழுதினவை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அங்கே அவருக்கு என்னவோ நடந்திருக்கிறது.

பழைய புத்தகம் கையில் கிடைத்ததும் ஒவ்வொரு பதினாறாம் பக்கத்துக்குப் பிறகும் கீழ் மூலையைப் பாருங்கள். சின்னதாக ஒரு எண் இருக்கும். அது பாரத்தின் எண், அதாவது ஒரே தாளில் அச்சடித்து மடித்த பதினாறு பக்கக் கட்டின் எண். பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா, கட்டியபோது இடம் மாறியிருக்கின்றனவா என்று அதில் தெரியும். 112ஐப் பதினாறால் பிரித்தால் ஏழு. எங்கள் புத்தகத்தில் போனது எட்டாம் பாரம் என்று தெரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏதோ மருத்துவர் நோயைச் சொன்னமாதிரி இருந்தது. என்ன இல்லை என்று தெரிந்துவிட்டால் தேடுவது சுகம்.

வீடுகளுக்குப் போய்க் கேட்கிறபோது அவசரப்படவேண்டாம். முதல் தரம் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடுங்கள். எரிந்த வீடுகளும் விட்டுப்போன பெட்டிகளும் உள்ள ஊரில் ‘உங்களிட்டைப் பழைய புத்தகம் இருக்கோ’ என்ற கேள்வி சிலருக்கு வேறு கேள்வியாகக் கேட்கும். முள்ளியவளையில் ஒரு ஐயா, “இருந்தது” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அரை மணித்தியாலம் பேசவில்லை. நானும் பேசவில்லை. வெளிக்கிடும்போது, “தண்ணீரூற்றில ஒரு ரீச்சர் இருக்கிறா, அவ ஒண்டையும் எறியமாட்டா” என்று வழி சொல்லிவிட்டார்.

அந்த ரீச்சர் வீட்டில்தான் 2018இல் முழுப் புத்தகம் கிடைத்தது. தகரப் பெட்டிக்குள் பூச்சி உருண்டை மணத்தோடு, அட்டையோடு, 128 பக்கம். அட்டைப்படத்தில் கிணறு, நிலவு, முகமில்லாத பெண். துலாவைக் கீறினவர் துலாவே காணாதவர். ரீச்சர் இரவல் தரமாட்டேன் என்றா. “இஞ்ச இருந்து வாசி. இல்லாட்டிப் படம் எடு.”

படம் எடுத்தேன். கடைசிப் பதினாறு பக்கத்தையும் எழுத்தைப் பாராமல் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லித் தெரியாது. பெரியம்மாவுக்கு முன்னால்தான் வாசிக்கவேண்டும் என்று ஒரு வீம்பு. படம் எடுப்பவர்களுக்கு ஒன்றிரண்டு: விறாந்தையில் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், பிளாஷ் வேண்டாம், விலை, அச்சகம், ஆண்டு உள்ள பக்கத்தை முதலில் எடுங்கள், முதுகை முழுக்க மல்லாத்தி அழுத்தாதீர்கள், பழைய பசை வெடித்துவிடும். எடுத்ததை இணையத்தில் ஏற்றுகிற அவசரமும் வேண்டாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதினவர் இறந்து எழுபது வருடம்வரை உரிமை குடும்பத்துக்கு இருக்கிறது. நான் பிள்ளைகளைத் தேடிப்போனதே அதற்குத்தான். அனுமதி தரவில்லை. ஒரு பிரதியை வீட்டில் வைத்திருக்கச் சொன்னார்கள், வைத்திருக்கிறேன்.

இப்போது கையில் இருக்கிற மற்ற ஐந்தும் கறையானிலிருந்தும் இராமபாணப் பூச்சியிலிருந்தும் தப்பி வந்தவை. ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பக்கம் தாள் அப்பளம்மாதிரி நமுத்துவிடும். நனைந்த புத்தகத்தை வெயிலில் விரிக்கிற வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. தாள் கோணி, எழுத்து வெளிறிவிடும். நிழலில் காற்றாட வைத்து, சில பக்கங்களுக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகி, ஈரம் இழுத்ததும் தாளை மாற்றவேண்டும். கிழிந்த இடத்துக்கு ஒட்டுநாடா போடவே வேண்டாம். பத்து வருடத்தில் மஞ்சள் கோடுதான் மிஞ்சும், எழுத்தையும் உரித்துக்கொண்டு வரும். பூச்சி இருந்தால் பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி இரண்டு கிழமை ஆழ்குளிர்ப் பெட்டியில் வையுங்கள். எடுத்தபிறகு பை அறைச் சூட்டுக்கு வரும்வரை அவிழ்க்காதீர்கள், இல்லாவிட்டால் தாள் வியர்க்கும். எங்கள் வீட்டில் ஒரு பேய் இரண்டு கிழமை கோழி இறைச்சிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. என் கணவர் அதைச் சாப்பாட்டுக்கு எடுக்கப் பார்த்தது தனிக் கதை.

ஞாயிறு பின்னேரங்களில் நாலைந்து பெண்கள் எங்கள் விறாந்தையில் கூடுகிறோம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது. அதில் நான் விட்ட ஒரு பிழையையும் சொல்லவேண்டும். முதல் வருடம் அந்த எழுத்தாளருடைய இன்னொரு நாவலை வாசித்தபோது, நிலத்தைத் தோண்டுகிற ஒரு இடம் வரும். எனக்கு அது கதை, முன்னமே தெரிந்த கதை. வேகமாக, குரலை இறக்கி, திகிலாக வாசித்துக்கொண்டு போனேன். ஒரு பிள்ளை எழும்பிப் படலையடியில் போய் நின்றது. அடுத்த கிழமையும் வரவில்லை. இப்போது தொடங்கமுன்னம் சொல்லிவிடுகிறேன்: இதில் தோண்டுகிற இடம் ஒன்று வரும், தண்ணிக்குள் ஆள் போகிற இடம் ஒன்று வரும், வேண்டாமென்றால் அந்த அத்தியாயத்தில் தேத்தண்ணி போடப் போகலாம். மர்மம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். கெடவில்லை. என்ன வரப்போகிறது என்று தெரிந்தவர்கள் எப்போது வரும் என்று இன்னும் இறுக்கமாகக் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளையும் இப்போது வருகிறது. தேத்தண்ணி அதுதான் போடுகிறது, சில அத்தியாயங்களுக்கு மட்டும்.

பெரியம்மாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். பெரியப்பா 1993இல் கிளாலிக் கடல்நீரேரியால் வள்ளம் ஏறினவர். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததாக ஒரு சேதியும் வரவில்லை. பெரியம்மா பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவுமில்லை. பளையில் அவவுக்குச் சீதனமாகக் கிடைத்த தென்னங்காணி இருந்தது. மகளின் கலியாணத்துக்கு அதை விற்கப் போனபோது சட்டத்தரணி கையை விரித்தார். வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் மனைவி தன் சீதனக் காணியை விற்பதென்றாலும் புருசனின் சம்மதம் வேண்டுமாம்; அல்லது நீதிமன்றத்தில் போய் அனுமதி எடுக்கவேண்டுமாம். “ஆள் இல்லையெண்டு நீங்கள் சத்தியக்கடதாசி குடுக்கவேணும் அம்மா” என்றார். பெரியம்மா கதிரையைவிட்டு எழும்பிவிட்டா. காணி இன்னும் விற்கவில்லை. கலியாணம் கடனில் நடந்தது.

எழுத்தாளருக்கும் இந்தச் சட்டம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. நாவலில் வீட்டுக்காரருக்குத் தேவைப்பட்டது தங்கையின் சீதன வயல். தங்கையின் புருசன் கொழும்பில் தொலைந்துபோனவன். அவன் கையெழுத்து இல்லாமல் விற்கமுடியாது. தங்கைக்குப் பிள்ளையுமில்லை. அவள் செத்தால் காணி பிறந்த வீட்டுப்பக்கம் திரும்பும். அதனால் ஊருக்கு அவள் செத்தவள். நான் பதின்மூன்று வயதில் போட்ட பட்டியலில் ‘இலாபம்’ என்ற கோட்டுக்குக் கீழே ‘வயல்’ என்று எழுதியிருக்கவேண்டும். எனக்கு அப்போது காணி உறுதியும் தெரியாது, சீதனமும் தெரியாது. பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

தண்ணீரூற்றிலிருந்து வந்த அன்று பின்னேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவவுக்குப் பக்கத்தில் இருந்தேன். எழுபத்தாறு வயது, கண்ணில் புரை. 112ஆம் பக்கத்திலிருந்து தொடங்கினேன். அவள் திரும்பினாள். அவளது கழுத்தில். பெரியம்மா என்னோடு சேர்ந்து வாயசைத்தா.

விரலால் தள்ளி 113ஐத் திறந்தேன். முதல் வரி: ‘ஒன்றுமே இல்லை.’

பிறகு அந்தப் பெண் வாத்தியாரிடம் சொல்கிறாள். தாலியைத் தானே கழற்றி விற்றுவிட்டாளாம். அந்தக் காசில் முல்லைத்தீவுக்குப் போய் ஒரு பிறக்கிராசியை, அதாவது அந்தக் காலத்துச் சட்டத்தரணியை, பிடித்து, புருசனின் கையெழுத்து இல்லாமலே காணியை அந்தப் பெட்டைக்கு எழுத நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறாளாம். விசாரணைத் தவணை வரும்வரை தமையனின் கண்ணில் படாமல் இருக்கத்தான் பேயாக இருந்தாளாம். நான் வாசித்துக்கொண்டே போனேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்; வில்லனின் பேச்சுக்கூட இந்த முறை இரண்டு பக்கத்தோடு முடிந்துவிட்டது.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. சட்டைக்குள் இருந்த தாலிக்கொடியை வெளியே எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்ப உள்ளே விட்டா.

“அது அச்சுப்பிழை” என்றா. “எழுத்துக் கோக்கிறவங்கள் மாத்திப் போட்டிருப்பாங்கள். நீ நூற்றிப் பன்ரெண்டோட நிப்பாட்டு.”